கடைக்குக் கொடுத்த கன்னம்

அந்தக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டில் வைத்த பேர் வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால், விற்கிற சாமான் உடம்பில் எந்த இடத்துக்கோ அந்த இடம்தான் பேர். நகப்பூச்சு விற்பவள் நகம். தலைச் சாயம் விற்பவர் முடி. அவருக்கு முழு வழுக்கை என்பது வேறு விஷயம். லிப்ஸ்டிக் பகுதியில் நிற்பவள் உதட்டுக்காரி. அவள் வாயைக் கேட்டவர்கள், பாத்திரக் கடையில் வேலை பார்த்திருந்தாலும் அவளுக்கு அந்தப் பேர்தான் கிடைத்திருக்கும் என்பார்கள். முகக் கிரீம் விற்பவள் கன்னத்தக்கா. பதினோரு வருஷமாக அவள் ஒருத்திதான் கன்னத்தக்கா.

அந்தப் பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை. சேர்ந்த முதல் மாதம் அவள் கையால் ஒரு டப்பாகூடப் போகவில்லை. அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு, வெளுப்பு. கடையில் அதிகம் கேட்கப்பட்டது ரோஸ் டப்பா. அதைச் செய்வது யார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டப்பாவின் அடியில் அச்சடித்திருந்த முகவரியை எறும்பு வந்துதான் படிக்க வேண்டும். வாங்க வருகிற பெண்கள் டப்பாவை ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு அவள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். அவள் மாநிறம். "நீ இதைப் போடுறதில்லையாம்மா?" என்று கேட்பார்கள். போடுகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். இல்லை என்றால் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வழி சொன்னவள் உதட்டுக்காரி. "ரெண்டு பக்கமும் போட்டேன்னு வை, பொறப்புலயே கலருன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒரு பக்கம் மட்டும் போடு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் யாவாரம்."

விளையாட்டாகச் சொன்னதை அவள் வினையாகவே எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் குளித்ததும் இடது கன்னத்துக்கு மட்டும், மூக்கின் நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டாணி அளவு எடுத்துத் தடவினாள். மூன்றாவது வாரமே இடது கன்னம் தனியாகத் தெரிந்தது. ஆறாவது வாரத்தில் அதற்கும் வலது கன்னத்துக்கும் உறவுமுறை கேட்க வேண்டிய அளவுக்குப் போய்விட்டது.

பிறகு அவள் டப்பாவைக் கையில் எடுக்கவே தேவையில்லாமல் போயிற்று. டப்பாக்கள் அடுக்கிய நாலடி மேடையில், வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் வலது பக்கம் தெரிகிற மாதிரி நிற்பாள். அவர்கள் கிட்டே வந்ததும், "இது எங்க அம்மா குடுத்த கன்னம்" என்பாள். அப்புறம் ஒரு மூச்சு விட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் இடது பக்கத்தைக் காட்டுவாள். "இது இந்தக் கடை குடுத்த கன்னம்." அவ்வளவுதான். வந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள். மேல் மாடியில் துணி விற்பவர்கள்கூட வேலை இல்லாத நேரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தலையைத் திருப்புவதைப் பார்ப்பார்கள். அப்போதிருந்த மேனேஜர் அவளுக்கென்றே தலைக்கு மேல் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

அவள் புருஷன் லேத் பட்டறைக்காரர். நாளெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வருபவருக்கு வீட்டில் கேலி பேசத்தான் நேரம். "எனக்கு ரெண்டு பொண்டாட்டி. இந்தப் பக்கம் படுத்தா ஒருத்தி, அந்தப் பக்கம் படுத்தா இன்னொருத்தி. ரெண்டு பேருக்கும் ஒரே வாய், அதான் கஷ்டம்" என்பார். ஒருநாள் மட்டும் விளையாட்டில்லாமல், மற்ற பக்கமும் போட்டுவிடேன், பார்க்க ஒரே மாதிரி இருக்குமே என்று கேட்டார். போட்டால் நாளைக்கு எதைக் காட்டி விற்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.  கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது, ஏதாவது ஒரு பக்கமாகத் திரும்பி நிற்க அவள் பழகிக்கொண்டாள்.

வருஷம் போகப் போக இடது கன்னம் பவிசு காட்ட ஆரம்பித்தது. வெயில் பட்டால் சுருக்கென்றது. பஸ் நிறுத்தத்தில் குடையை இடது பக்கமே சாய்த்துப் பிடித்தாள். தோலுக்கு அடியில் நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. நல்ல நிறம் வந்தால் ரத்தம் ஓடுவது தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதையே அவளும் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாள். சொல்லும்போது பொய் என்று அவள் நினைக்கவில்லை.

ஊரின் பேச்சு மாறியது அவளுக்கு முதலில் டப்பாக்களில்தான் தெரிந்தது. ஒரு வருஷம், அட்டைகளிலிருந்து வெளுப்பு என்ற சொல் காணாமல் போய், பொலிவு என்று வந்தது. உள்ளே இருந்த சரக்கு அதேதான். அடுத்த வருஷம் கண்ணாடி மாதிரி முகம் வேண்டும் என்றார்கள். ஏழு சீசாவை ஒன்றன் மேல் ஒன்றாகத் தடவச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம், ஏழும் வேண்டாம், சோப்புகூட வேண்டாம், தோலைச் சும்மா விடு என்றார்கள். சும்மா விடுவதற்கும் தனியாக மூன்று சீசா வந்தது. மாத்திரை, பொடி, முகத்தை உருட்டிவிடும் கல், வாயைத் திறந்து தூங்காமல் இருக்க ஒட்டுகிற பட்டை என்று அலமாரி நிறைந்து வழிந்தது. உதட்டுக்காரி ஒவ்வொரு சரக்கு வரும்போதும், "இது எந்த ஓட்டைக்கு?" என்று உரக்கக் கேட்டு அட்டையைப் பிரிப்பாள்.

எல்லாவற்றையும் கன்னத்தக்கா படித்துத் தெரிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளை உட்கார வைத்து, போனில் வருகிற சொற்களைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். ஆனால் புதிதாக வருகிற பெண்கள் அவளிடம் கேட்டு வாங்குகிறவர்கள் இல்லை. சீசாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் போனில் படம் பிடித்து, போன் நல்லது என்று சொன்னால் வாங்கினார்கள்.

அப்படி வந்த ஒருத்தியிடம்தான், வழக்கம் போல அம்மா குடுத்த கன்னத்தைக் காட்டிவிட்டு மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். சிரிக்கவில்லை, கிண்டலும் இல்லை. நிஜமான கவலையோடு கேட்டாள். "அக்கா, அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு. இந்தப் பக்கம் என்ன ஆச்சு?"

கன்னத்தக்கா அன்றைக்கு அதற்குப் பிறகு தலையைத் திருப்பவில்லை.

அடுத்த மாதத் தொடக்கத்தில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார். கடைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர். நல்லவர், யாரையும் வாடி போடி என்று பேசாதவர். இனிமேல் நம்ம கடையில் இயற்கை அழகுதான் என்றார். ரோஸ் டப்பாவை அன்றோடு எடுத்துவிட்டார்கள். முகப் பகுதியில் நிற்பவர்கள் பவுடர், மை, சாயம் எதுவும் போடாமல் வெறும் முகத்தோடு நிற்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மேலாபீஸிலிருந்து ஒரு அம்மா வந்து பார்ப்பார். தோல் சுத்தமாக இல்லாதவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கீழ்த்தளம் என்பது சரக்கு அறை. அட்டைப் பெட்டி பிரிப்பது, விலைச் சீட்டு ஒட்டுவது, உடைந்ததைப் பொறுக்குவது. ஜன்னல் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. கீழே போனவர்கள் மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அவர்களே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். கன்னத்தக்காவுக்கு அந்த நாலடி மேடையில் நின்று நாலு பேரிடம் பேசி விற்பதைத் தவிர வேறு எதிலும் பிடிப்பு இல்லை. உடம்பு சரியில்லாமல் வந்தாலும் அங்கே ஏறி நின்றால் குரல் தானாக வந்துவிடும். அதை விட்டால் தான் என்னவாக இருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கணக்கு அவளுக்கு எளிதாகத்தான் பட்டது. ஆறு வாரத்தில் வெளுத்த கன்னம், ஆறு வாரம் விட்டால் பழையபடி ஆகிவிடாதா? அன்று காலையிலிருந்தே கிரீமை நிறுத்தினாள்.

மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் கன்னம் காந்தியது. ஐந்தாம் நாள் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. பத்தாம் நாள் இடது கன்னம் முழுக்கச் சிவந்து தடித்து, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு, மூக்கின் நடுக்கோட்டில் கோடு கிழித்த மாதிரி வந்து நின்றது. பதினோரு வருஷம் எல்லை தாண்டாமல் தடவியவள் அல்லவா, சிவப்பும் எல்லை தாண்டவில்லை. தலையணையில் அந்தப் பக்கம் வைத்துப் படுக்க முடியவில்லை. புருஷன் கேலியை நிறுத்திவிட்டார். அவர் கேலி பேசாமல் இருந்தது அவளுக்கு எரிச்சலைவிடப் பயமாக இருந்தது.

மகள் போனைப் பார்த்துப் பார்த்து வைத்தியம் சொன்னாள். ஐஸ் கட்டி ஒத்தினார்கள். கற்றாழைச் சோறு தடவினார்கள். வெள்ளரிக்காய் அறுத்து வைத்தார்கள். கன்னம் எதையும் ஏற்கவில்லை. உதட்டுக்காரிதான் வாய் தவறிச் சொல்கிற மாதிரி, பழைய டப்பா வீட்டில் இருந்தால் ஒரு தடவை போட்டுப் பாரேன் என்றாள். டப்பா இரண்டு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடவினாள். மதியத்துக்குள் எரிச்சல் அடங்கியது. மறுநாள் சிவப்பு பாதி குறைந்தது. அவள் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு நாள்தான். நிறுத்தியதும், முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. போட்டால் அடங்குகிறது, விட்டால் எரிகிறது. தன் கன்னத்துக்குத் தானே எஜமானி இல்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

தோல் டாக்டர் டப்பாவைப் பார்த்ததும், திறக்காமலே தள்ளி வைத்தார். உள்ளே ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஏம்மா ஒரு பக்கம் மட்டும்?"

அவள் சொன்னாள். அம்மா குடுத்த கன்னம், கடை குடுத்த கன்னம் எல்லாம் சொன்னாள். சொல்லும்போது பழக்கத்தில் தலையும் திரும்பியது. டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், இனி அதைத் தொடவே கூடாது என்றார். எரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். எரிச்சலும் சிவப்பும் மெள்ளக் குறைய ஒரு களிம்பு எழுதித் தருகிறேன், விடாமல் போட வேண்டும் என்றார். பழைய நிறம் அப்படியே திரும்பி வந்துவிடுமா என்று அவள் கேட்டதற்கு, முதலில் ஆறட்டும் என்று மட்டும் சொன்னார்.

களிம்பு வாங்கிய மறுநாளே மேலாபீஸ் அம்மா வந்துவிட்டார்.

அவர் முகத்தில் ஒரு பொட்டுப் பூச்சு இல்லை. கண்ணைச் சுற்றிச் சுருக்கம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து கன்னத்தக்காவுக்கு ஒரு நிமிஷம் தைரியம்கூட வந்தது. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் கடைசியில், சுவரை ஒட்டி, வலது கன்னம் வெளியே தெரிகிற மாதிரி நின்றாள். மேலாபீஸ் அம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, அவளிடம் நின்று, நல்லா இருக்கே என்று தலையசைத்து, நகர்ந்து, அடுத்த அடி வைத்ததும் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டார்.

மேனேஜருக்கு முகம் வெளிறிப் போயிற்று. அவள் கீழ்த்தளத்துக்குப் போகிற படிக்கட்டைப் பார்த்தாள். மேலாபீஸ் அம்மா அவள் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, இப்படியும் அப்படியும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அவளுக்குப் பொய் எதுவும் சட்டென்று வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

மேலாபீஸ் அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவங்க எங்கயும் போக வேண்டாம். இதைவிட நல்ல சாட்சி நமக்கு எங்க கிடைக்கும்?"

அங்கேயே ஏற்பாடு பேசப்பட்டது. மேடையை வாசலுக்கு நேராகக் கொண்டு வருவது. இவள் உட்கார ஒரு உயரமான ஸ்டூல். பக்கத்தில் ஒரு பலகை. அதில் இடது பக்கம் 'பூசிய தோல்', வலது பக்கம் 'உங்கள் தோல்' என்று இருக்கும். கீழே புதுச் சீசாக்கள். பூசியதை விற்றது யார் என்று பலகையில் இருக்காது. நீங்கள் வழக்கமாகப் பேசுவது மாதிரியே பேசினால் போதும், உங்களுக்குப் பேசத் தெரியும் என்று கேள்விப்பட்டேன் என்றார்.  மேடை போகவில்லை என்பது மட்டும்தான் கன்னத்தக்காவின் காதில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்து, அது சிவந்த கன்னத்தில் இறங்கி எரிந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் மேலாபீஸ் அம்மா நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"அந்தக் களிம்பைப் போட்டா இது போயிடுமா?"

"உடனே போகாதுங்க மேடம். கொஞ்சம் கொஞ்சமாச் செவப்பு கொறையும்னாரு."

"ஒரு மூணு மாசம் தள்ளி ஆரம்பிக்க முடியுமா? இந்த சீசன் முடிஞ்சிரட்டும்." அவர் குரல் தணிந்திருந்தது. "கட்டாயமில்ல. உங்க இஷ்டம்தான். முடியாதுன்னா கீழ வேற வேலை பாத்துக்கலாம்."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக்காரியைப் பார்த்தாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் உதட்டுக்காரி, லிப்ஸ்டிக் மூடிகளை ஒன்றொன்றாக அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். சரிங்க என்று கன்னத்தக்கா சொன்னாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே என்றார் ஒரு தடவை. சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று அவள் கேட்டபோது, பட்டறையில் தேய்ந்த தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மட்டும் விடாமல் சண்டை போட்டாள். மருந்தைப் போட்டுக்கிட்டுப் போடலைன்னு சொல்லும்மா என்றாள். அவளும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் முகம் பொய் சொல்லாதே. குறைந்தால் தெரிந்துவிடும். களிம்பை உறை பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

புது மேடை நன்றாகவே போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து முதலில் சிவந்த பக்கத்தைக் காட்டுவாள். "இது நான் பூசினது." மூச்சு விட்டுத் திரும்புவாள். "இது நான் சும்மா விட்டது." போனோடு வருகிற பெண்கள் படம் எடுத்தார்கள். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சீசாக்கள் போயின. எரிச்சல் அதிகமாகிற சாயங்கால நேரத்தில் மேனேஜரே ஒரு சின்ன விசிறி கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாவது வாரம் தையல் டீச்சர் வந்தாள். பெண்களுக்கு வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறவள். ஆறு வருஷமாக மாதம் ஒரு ரோஸ் டப்பா இவள் கையால்தான் வாங்கிப் போனவள். துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பலகைக்குப் பின்னால் வந்து நின்று, துப்பட்டாவை லேசாக விலக்கினாள். இரண்டு கன்னமும், நெற்றியும், மோவாயும் ஒரே சிவப்பு. டீச்சர் இவளைப் போலப் பாதி முகத்துக்குப் போட்டவள் இல்லையே.

"டப்பா கிடைக்கலன்னு நிறுத்தினேன் அக்கா. அன்னைலேர்ந்து இப்படித்தான். உங்களுக்கும் எரியுதா?"

"எரியுது டீச்சர்."

"என்ன பண்றீங்க இதுக்கு?"

கன்னத்தக்கா குரலைத் தாழ்த்தினாள். தோல் டாக்டரின் தெருவைச் சொன்னாள், பஸ் நிறுத்தத்தைச் சொன்னாள். நல்ல டாக்டர், களிம்பு எழுதித் தருவார், நாளைக்கே போங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றாள். இரண்டு தடவை சொன்னாள். டீச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுக்கொண்டே அவளுடைய இடது கன்னத்தைக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். துணியில் தையல் கோணலா நேரா என்று பார்க்கிற பார்வை.

"நீங்க அவர்கிட்ட போய் எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு மாசம் ஆகப்போகுது."

"ஒரு மாசமா? இன்னும் எனக்கு இருக்கற மாதிரியேதானே இருக்கு உங்களுக்கு."

மேனேஜர் நாலு அடி தள்ளி, ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் சீசாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இங்கே கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தக்கா வாயைத் திறந்தாள். மருந்தை நான் இன்னும் போடவே ஆரம்பிக்கவில்லை டீச்சர். அந்த ஒரு வரிதான். பதினோரு வருஷமாக எந்த வரியும் தங்காத அந்த நாக்கில் அது மட்டும் தங்கி நின்றது.

"சிலருக்கு லேட்டாகும்" என்றாள்.

தையல் டீச்சர் துப்பட்டாவை மறுபடியும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். டாக்டர் தெருவைப் பற்றி அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் வந்து, சும்மா விடுவதற்கான மூன்று சீசாவில் சின்னதாக ஒன்றை அன்போடு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். போகும்போது கன்னத்தக்காவின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"எதுக்கு அவசரப்படணும்? மாசா மாசம் வந்து உங்களைப் பாக்கறேன். உங்களுக்கு ஆறினா நானும் அவர்கிட்ட போறேன்."

கன்னத்தக்கா அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம். வாசல் பத்தடிகூட இல்லை. கல்லூரிப் பெண் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அக்கா, இன்னொரு தடவை அந்தப் பக்கம் திரும்புங்க என்றாள். அவள் திரும்பினாள்.